புகை என்று சொன்ன இருமல்

என் மூத்த மகளுக்கு முதலாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குள் இருக்கவில்லை. வெளியே, சைக்கிள்கள் சாத்தியிருந்த வேலியோரம், சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் பேசியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று உள்ளே சாமியார் வாசிப்பது காதில் விழுந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரும் என் புருஷனின் பெயரும் அத்தனை சனத்துக்கு முன்னால் சத்தமாகக் கேட்டது எனக்குத் தெரிய அன்றைக்குத்தான். கேட்டுச் சந்தோஷப்பட என்னிடம் மூச்சு இருக்கவில்லை.

வேதக்காரரான எங்களுடைய ஒழுங்கு அது. மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. மூன்றிலும் ஒருவரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது. ஆண்டவருடைய உயிர்ப்புத் திருநாள் கழியும் வரை பொறுக்க வேண்டும். பொறுக்கிற காலமா அது? அடுத்த மாதம் எந்த ஊரில், எந்த மரத்துக்குக் கீழே இருப்போம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகையால் தை பிறந்ததும் ஓலைகளை வாசித்து முடித்து, தவக்காலத்துக்கு முன் தாலியைக் கட்டிவிட வேண்டும் என்று இரண்டு வீட்டுக்காரரும் பேசி முடித்திருந்தோம்.

எனக்கு வந்தது வெறும் தடிமன். மார்கழி மழை பெய்துகொண்டிருந்தது. கிடுகுக் கூரை ஒழுகி, படுக்கிற பாய் வரைக்கும் ஈரம். வீட்டில் எல்லோருக்கும் மூக்கால் ஓடியது. எனக்கும் ஓடியது. இரண்டு நாள் காய்ச்சலும் காய்ந்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தோம். எல்லோருக்கும் மாறியது போல எனக்கும் மாறிவிட்டது. மூக்கு விட்டது, காய்ச்சல் விட்டது. நெஞ்சு மட்டும் விடவில்லை.

பத்து வயதில் போட்ட சட்டையை இந்த உடம்பில் மாட்டி, முதுகுப் பக்கம் ஊசி குத்தி விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மூச்சை இழுக்கலாம், பாதியில் சட்டை பிடிக்கும். விடிய எழும்பும்போதும், பொழுதுபட்டுப் பனி இறங்கும்போதும் இன்னும் கூடும். சிரித்தால் இருமல். நாலு வாளி தண்ணீர் அள்ளினால் இருமல். செபமாலையில் ஒரு பத்து மணியை நிறுத்தாமல் சொல்லி முடிக்க முடியவில்லை. நான் பாதியில் நிற்க, மற்றவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்த ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் கடலை விட்டு எழும்பி, புதுக்குடியிருப்புப் பக்கம் வயல் செய்கிற ஒரு கமக்காரருடைய காணி மூலையில் கொட்டில் போட்டு இருந்தோம். என் புருஷன் சைக்கிளில் உப்புநீர்க் களப்புக்குப் போய் வலை வீசுவார். இறால் பட்டால் அன்றைக்குக் கறி; மிஞ்சினால் சந்தை. மாப்பிள்ளை வீட்டுக்காரரும் எங்கள் கரைதான். அவர்களும் எழும்பி வந்து, எங்களிடமிருந்து ஒரு மைல் தள்ளி இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய், என் சம்பந்தி, கருவாடு விற்கிறவா. குரலை நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வைத்திருக்கிறவா. மனதில் பட்டதை மனதிலேயே வைத்திருக்கத் தெரியாத பிறவி. நான் பிறந்த வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவா என்பதால் எங்கள் குடும்பத்துக் கதை முழுவதும் அவாவுக்குத் தெரியும்.

அந்தக் கதைதான் என் பயம். என் தமையன் இளம் வயதில் சயரோகத்தில் செத்தவர். அவருக்கும் தொடக்கத்தில் தடிமன் என்றுதான் சொன்னார்கள். பிறகு நெஞ்சு இறுகுது என்றார். பிறகு இருமல். அவர் ஆசுபத்திரியில் கிடந்த நாட்களில் என் தங்கைக்கு ஓலை வாசித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் ஓலைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் சாமியாரிடம் போய் நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் எங்களோடு சண்டை பிடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு சாமியார் மற்றவர்களுடைய ஓலையை வாசித்தார், எங்களுடையதை வாசிக்கவில்லை. அவ்வளவுதான். தங்கைக்குப் பிறகு ஒரு கல்யாணம் சரிவரப் பல வருடம் சென்றது.

இப்போது என் மகளுக்கு ஓலை. எனக்கு இருமல்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என் புருஷனுக்கு உலகத்தில் உள்ள வருத்தம் எல்லாமே வாய்வுதான்.

“அது வாய்வு. நெஞ்சில போய் நிக்குது. உள்ளி ரண்டு பல்லைச் சுட்டுத் தின், ஒரு ஏவறை விட்டியெண்டாச் சரி.”

“உங்களுக்குக் கால் சுளுக்கினாலும் வாய்வுதானே.”

“சுளுக்கும் வாய்வுதான். உனக்கென்ன தெரியும்?”

காணிக்கார அம்மா ஆடாதோடை இலை பிடுங்கிக்கொண்டு வந்து தந்தா. “சளி இறங்கி நெஞ்சில கட்டிப்போச்சு பிள்ளை. இருமி இருமி விலாவிலயும் பிடிச்சிருக்கும். நல்லெண்ணெயில கற்பூரம் போட்டுச் சூடாக்கித் தடவு” என்று சொன்னா. அவா சைவக்காரி. எனக்காகத் தன் அம்மாளுக்கும் ஒரு நேர்த்தி வைத்ததாகச் சொன்னா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மன்றாடுகிற வாய் எதுவென்றாலும் அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது.

மகள் வேறு மாதிரிச் சொன்னாள். “அம்மா, உங்களுக்கு யோசினை. நான் போகப்போறன் எண்டு யோசிச்சு யோசிச்சு நெஞ்சை இறுக்கி வைச்சிருக்கிறியள்.”

“ஓமடி, நீ போனா எனக்கு வேற பிள்ளையள் இல்லைத்தானே.”

“அப்ப ஆசுபத்திரிக்குப் போங்கோவன்.”

“போறன், போறன். உன்ர கல்யாணம் முடியட்டும்.”

வாய்வு, சளி, விலா, யோசினை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என் மனதில் இருந்த சொல்லை மட்டும் வாயால் சொல்லவில்லை. ஆசுபத்திரிக்குப் போனால் சளியைச் சோதிக்கச் சொல்வார்கள். சளி கொடுக்கிற இடத்தில் என்னை யாராவது காண்பார்கள். கண்டால் அந்தச் செய்தி மத்தியானத்துக்குள் ஒரு மைல் போய்விடும்.

முதலாம் ஓலை வாசித்த அன்று பின்னேரமே சம்பந்தி வந்துவிட்டா. நான் குசினியில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். குசினி என்றால் நாலு தடியும் ஒரு சாய்ப்பும்தான்; மூன்று பக்கம் மழைக்காகக் கிடுகால் அடைத்திருந்தது. வாசல் படலையில் குரல் கேட்டதுமே வாயைப் பொத்திக்கொண்டேன்.

“எங்கயடி போனனீ? ஓலை வாசிக்கேக்கை எட்டி எட்டிப் பாக்கிறன், பொம்பிளையின்ர தாயைக் காணேல்லை!”

“பின்னுக்கு நிண்டனான், மச்சாள்.”

அவ்வளவும் சொல்வதற்குள் வந்துவிட்டது. அடக்க அடக்க நாய்க் குலைப்பு மாதிரி இருமினேன். அவா குசினி வாசலில் குனிந்து நின்று என்னைப் பார்த்தா. அந்தக் கண்ணில் என் தமையனை நினைக்கிறாவோ என்று எனக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்து ஈர விறகு ஒரு தடவை குப்பென்று புகைந்தது. என் வாயில் தானாக வந்தது.

“இந்தக் கோதாரியில போன ஈர விறகு, மச்சாள். ஒரே புகை.”

“ஓமோம், என்ர கண்ணும் எரியுது. எங்க ஊதுகுழல்? கொண்டா இஞ்சை.” அவா கீழே இருந்து அடுப்பை ஊதத் தொடங்கினா. ஊதிவிட்டு அவாவும் இருமினா.

மாதாவே, வழி காட்டினீரே என்று உள்ளுக்குள் சொன்னேன். மாதா காட்டிய வழி அதுவல்ல என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன்.

அன்றிலிருந்து அடுப்படிதான் எனக்கு இடம். அடுப்படியில் இருமுகிறவளை யாரும் என்ன வருத்தம் என்று கேட்பதில்லை. வெளியே ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டால் நான் ஏதோ ஒரு பானையை ஏற்றிவிடுவேன். மகள் சமைக்க வந்தால் கலைப்பேன். “கல்யாணப் பொம்பிளை புகையில இருந்து கறுக்கப்போறியோ? போ அங்கால.” காணிக்கார அம்மாவிடம் கேட்டு, அவர்களுடைய நெல்லை அவித்துக் கொடுக்கிற வேலையையும் எடுத்துக்கொண்டேன். அது பெரிய தகரப் பீப்பா. உமியும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் போட்டு எரிக்க வேண்டும். எரியாது, புகையும். எனக்கு வேண்டியதும் அதுதானே. மழை தூறினால் பீப்பாவையும் சாய்ப்புக்குள் இழுத்துவிடுவேன். பின்னேரம் செபமாலை சொல்லும்போது மற்றவர்கள் மாதாவின் படத்துக்கு முன்னால் இருக்க, நான் குசினியில் இருந்தே பதில் சொல்வேன்.

“அம்மாவுக்கு அடுப்பில பக்தி கூடிப்போச்சு” என்று மகன் பகிடி பண்ணினான்.

நெஞ்சு நாளுக்கு நாள் மோசமானது. முதலில் பத்து வயதுச் சட்டை. பிறகு ஐந்து வயதுச் சட்டை. குனிந்து கூட்டினால் கண் இருண்டது. மூச்சு விடும்போது உள்ளே ஒரு சீழ்க்கைச் சத்தம். இத்தனைக்கும் புகையையும் நெஞ்சையும் நான் ஒருநாளும் சேர்த்து யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து புகைக்குள் சமைக்கிறவளுக்குப் புகை ஒரு காரணமாகத் தெரியுமா? சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் சளி இளகும் என்றுகூட நினைத்தேன்.

இரண்டாம் ஓலைக்குக் கோயிலுக்குள் போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். இருமலை எப்படியோ விழுங்கினேன். சீழ்க்கையை விழுங்க முடியவில்லை. எனக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டை ஒன்று, பூனைக்குட்டி எங்கே என்று தான் இருந்த வாங்குக்குக் கீழே குனிந்து தேடியது. சாமியார் ஓலையை வாசித்தார். தங்கைக்கு நின்றது இரண்டாம் ஓலைக்குப் பிறகுதான் என்ற நினைவு வந்தது. ஆண்டவரே, இன்னும் ஒரு கிழமை மட்டும் இந்த நெஞ்சைத் தாரும், பிறகு எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினேன். என்னால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

மூன்றாம் ஓலைக்கு முதல்நாள், சனிக்கிழமை, பலகாரம் சுடுவதாக இருந்தது. அது பெண் வீட்டு வேலை. ஆனால் சம்பந்தி காலையிலேயே ஒரு கடகத்தோடு வந்து நின்றா.

“உங்கட பக்கத்துச் சீனி அரியதரத்தைக் கல்லெண்டு நினைச்சு எறிஞ்சு மாங்காய் விழுத்தலாம். என்ர மோன்ர கல்யாணத்தில ஆற்றையேன் பல்லு உடைஞ்சாப் பிறகு நான்தானே மறுமொழி சொல்லோணும். தள்ளு.”

“மாப்பிள்ளையின்ர தாய் பொம்பிளை வீட்டில பலகாரம் சுடுறதோ? சனம் சிரிக்கும், மச்சாள்.”

“சிரிக்கட்டும். பல்லிருக்கிறவை சிரிக்கட்டும்.”

சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. நான் ஓடிப்போய் அடுப்புக்கு முன்னால் இருந்துகொண்டேன். அன்றைக்கு இரண்டு அடுப்பு எரிந்தது. விறகு காணாமல் சிரட்டையும் தென்னம் பாளையும் போட்டோம். ஒன்றில் எண்ணெய்த் தாச்சி. பொரிகிற எண்ணெய்ப் புகையும் சிரட்டைப் புகையும் சேர்ந்து அந்தச் சாய்ப்புக்குள் ஆளை ஆள் தெரியவில்லை. சம்பந்தி இரண்டு தரம் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தா. “நீயும் வாவனடி வெளியில” என்று கூப்பிட்டா. நான் போகவில்லை. வெளியே போனால் இருமலுக்கு என்ன சொல்வது?

மூன்றாவது ஈடு தாச்சியில் கிடக்கும்போது மூச்சு நின்றுவிட்டது. நிற்கவில்லை, உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றினேன். வாயைத் திறந்தேன். ஏசுவே என்று சொல்லக்கூடக் காற்று இல்லை. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, என் கக்கத்துக்குள் இரண்டு கை நுழைந்து என்னை இழுத்துக்கொண்டு போவது. கருவாட்டுச் சாக்குத் தூக்கிப் பழகிய கைகள். முற்றத்தில் கொண்டுவந்து இருத்தி, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு சம்பந்தி கத்தினா.

“ஆரடா அங்கை! மெசினைக் கொண்டா! இவள் நீலம் பாரிக்கிறாள்!”

காணிக்காரருடைய உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு என்னை ஏற்றினார்கள். என் புருஷன் களப்பில். மகளை வீட்டில் விட்டுவிட்டுச் சம்பந்திதான் கூட வந்தா. வழி முழுக்கக் கிடங்கு. ஒவ்வொரு கிடங்குக்கும் அவா மெசின்காரனைத் திட்டிக்கொண்டு வந்தா. எனக்குத் தெளிந்த காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. மூச்சு இறங்க இறங்கப் பயம் ஏறியது. நாளைக்கு மூன்றாம் ஓலை. இன்றைக்கு இவா என்னோடு ஆசுபத்திரிக்கு வருகிறா.

அந்த ஆசுபத்திரியில் அப்போது ஒரு டொக்டர்தான். வெளியே மலேரியாக் காய்ச்சல்காரர் திண்ணை நிறைய, மரத்தடி நிறைய. இருந்தும் என்னை உடனே பார்த்தார். கையில் ஊசி போட்டார். பிறகு முதுகில் குழாயை வைத்துக் கன நேரம் கேட்டார். விலாவை விரலால் அழுத்தி நோகுதா என்றார். காலை அமத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். நடக்கும்போது நெஞ்சு நொந்து கைக்கு ஓடுகிறதா, இரவில் வியர்க்கிறதா, சாப்பாடு பிடிக்கிறதா, துப்பினால் இரத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பந்தி என் தலைமாட்டில் நின்றா. நான் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன்.

“எப்ப தொடங்கினது?”

“தடிமனுக்குப் பிறகு ஐயா.”

“தடிமன் போன பிறகு நெஞ்சு இறுகிறதுக்குப் பல காரணம் இருக்கம்மா. சளிக்காய்ச்சலா இருக்கலாம், உங்களுக்கு இப்ப காய்ச்சல் இல்லை. இருமி இருமி விலாத் தசை நொந்திருக்கலாம், அதுவும் கொஞ்சம் இருக்கு. இருதயத்தில பிழை இருக்கிற மாதிரித் தெரியேல்லை. எனக்குக் கேக்கிறது என்னெண்டா, மூச்சுக்குழாய் உள்ளுக்கு வீங்கிச் சுருங்கியிருக்கு. தடிமன் சிலருக்கு அப்பிடி விட்டிட்டுப் போகும். தானா ஆறும். ஆனா உங்களுக்கு ஆறாமல் கூடியெல்லோ இருக்கு?” அவர் கொஞ்சம் யோசித்தார். “அடுப்பு எப்பிடி? விறகோ?”

“விறகுதான் ஐயா.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அடுப்படியில இருப்பியள்?”

நான் வாய் திறக்க முதல் சம்பந்தி சொன்னா. “விடிஞ்சாலும் அதுக்குள்ளதான், பொழுதுபட்டாலும் அதுக்குள்ளதான் ஐயா. எப்ப போனாலும் புகைக்குள்ள இருந்துதான் தலையை நீட்டுவாள்.”

“ஏன்? வீட்டில சமைக்க வேற ஆக்கள் இல்லையோ?”

அவர் காத்துக்கொண்டிருந்தார். வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள், இந்த மனிதர் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல வரவில்லை. மூச்சு இல்லாதவளுக்குப் பொய்யும் வராது.

“இருமலை மறைக்க ஐயா” என்றேன். “புகையெண்டு சொல்லலாமெண்டு. என்ர தமையன் சயத்தில செத்தவர். மகளுக்கு ஓலை வாசிக்குது.”

சம்பந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. டொக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அம்மா, நீங்கள் மறைக்கப் போன இடம்தான் உங்களை இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கு. வீங்கின குழாய்க்குப் புகை ஆகாது. நல்ல காலம், வந்திட்டியள். ரண்டு மூண்டு நாள் இஞ்சை நில்லுங்கோ, குளிசை தாறன். சளியையும் சோதிப்பம். எனக்கு அப்பிடித் தெரியேல்லை, ஆனா குடும்பத்தில இருந்திருக்கு, சந்தேகம் வைக்கக் கூடாது. அப்பிடி இருந்தாலும் இப்ப மருந்து இருக்கு, மாறும்.”

சின்ன மூடிப் போத்தல் ஒன்றைத் தாதி என் கையில் தந்தா. பார்த்தவுடன் எனக்கு அது என்ன போத்தல் என்று தெரிந்தது. சம்பந்திக்கும் தெரிந்திருக்கும். அந்த வாய் பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“மச்சாள்” என்றேன். “ஓலை…”

“படு” என்றா. சேலையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே போனா. திரும்பி வரவில்லை.

பின்னேரம் என் புருஷன் களப்பிலிருந்து நேரே ஓடி வந்தார். உள்ளி கொண்டுவந்திருந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் உள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். “என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. சம்பந்தி எங்கே என்று கேட்டேன். வருகிற வழியில் கோயிலடியில் கண்டதாகவும், சாமியாருடைய அறை வாசலில் நின்றதாகவும், கூப்பிட்டும் திரும்பவில்லை என்றும் சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. சாமியாருடைய அறை வாசல். என் தங்கையின் ஓலையை நிறுத்தியவர்களும் அப்படித்தான் சனிக்கிழமை போய் நின்றார்கள். குறை சொல்ல மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நானும் ஒரு தாய். மகளுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தேன். மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்தது; பத்து மணியும் தடையில்லாமல் வந்தது. அதில் ஒரு சந்தோஷமும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தை வெயிலை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் குரல்தான் வந்தது.

“இந்த ஆசுபத்திரிக்கு வாற பாதையைப் போட்டவனைக் கொண்டந்து முதல்ல இந்தக் கட்டில்ல படுக்க வைக்கோணும்!”

சம்பந்தி வந்து நின்றா. கோயில் சேலை. தலையில் முக்காடு இன்னும் எடுக்கவில்லை. கட்டில் காலடியில் இருந்து தன் காலைத் தடவினா. என்னைப் பார்க்கவில்லை.

“மச்சாள்… வாசிச்சதோ?”

“என்னத்தை?”

“மச்சாள், என்னை வதைக்காதேங்கோ.”

“நீ என்னை வதைச்சது காணாதோ? முதலாம் ஓலையண்டு கோயில் வேலியில வாயைப் பொத்திக்கொண்டு நிண்டதை நான் காணேல்லையெண்டு நினைச்சியோ? அந்த வேலியில ஆரடி அடுப்பு மூட்டினது? எப்ப எனக்குச் சொல்லுவாய், எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பலகாரம் சுட நான் ஏன் வந்தனான் எண்டு நினைச்சாய்? உன்ர அரியதரத்துக்கோ?”

நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தேன்.

“நேற்று உன்னோட கதைச்சா ஏசிப்போடுவன் எண்டுதான் போனனான். நேர சாமியாரிட்டைப் போனன். ‘சுவாமி, நாளைக்குப் பூசையில என்ர சம்பந்தியின்ர நெஞ்சு வருத்தம் சுகப்பட மன்றாடோணும். பேரைச் சொல்லி, வருத்தத்தைச் சொல்லி மன்றாடோணும். சயமோ எண்டு சோதிக்கினம் எண்டதையும் சொல்லுங்கோ’ எண்டு கேட்டனான். அவர் அதெல்லாம் சொல்லலாமோ எண்டு யோசிச்சார். நான்தான், சொல்லத்தான் வேணும் எண்டு நிண்டனான்.”

“ஐயோ மச்சாள்! முழுக் கோயிலுக்குமோ?”

“முழுக் கோயிலுக்கும்தான். முதல்ல உன்ர நெஞ்சுக்கு மன்றாடினது. பூசை முடிய ஓலை வாசிச்சது. வேணுமெண்டுதான் அப்பிடி வைக்கச் சொன்னனான். நாளைக்கு ஒருத்தரும், ஐயையோ எங்களுக்குத் தெரியாது, மறைச்சுப் போட்டினம் எண்டு கதைக்கப்படாது. தெரிஞ்சுகொண்டுதான் இருந்தவை. தடை இருக்கோ எண்டு சாமியார் கேக்கேக்கை நான் ஒருக்கால் திரும்பி எல்லாற்றை முகத்தையும் பாத்தனான்.”

அந்தப் பார்வையை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அதற்கு முன்னால் யார் எழும்புவார்?

“சோதினை முடிவு வரேல்லையே, மச்சாள். அப்பிடியே இருந்தா?”

“இருந்தா மருந்து குடி. நாங்கள் உன்னையே கட்டப்போறம்?”

நான் அழுதேன். அழ நெஞ்சு இறுகியது, இருமினேன். அவா எழும்பி வந்து முதுகைத் தடவினா. தடவுகிற நேரத்திலும் வாய் ஓயவில்லை. என் தங்கையின் ஓலை நின்ற ஞாயிறு தானும் அந்தக் கோயிலில் இருந்ததாகவும், அன்றைக்கு என் தாய் பூசை முடியும் வரை முழங்காலை விட்டு எழும்பவில்லை என்றும், அதைக் கண்டு தனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் சொன்னா. “நீ எனக்குச் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம். வேறொண்டுமில்லை” என்றா.

சளியில் ஒன்றும் இல்லை என்று அடுத்த கிழமை சொன்னார்கள். ஆண்டவருக்குத் தோத்திரம். ஆனால் அந்த முடிவு வந்தபோது என் நெஞ்சுக்கு அது பெரிய செய்தியாக இருக்கவில்லை. பெரிய செய்தியை முக்காடு போட்ட ஒருத்தி முதலே கொண்டுவந்து தந்துவிட்டா.

இறுக்கம் ஒரேயடியாக விடவில்லை. டொக்டர் சொன்னது போல மெல்ல மெல்லத்தான் விட்டது. தவக்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. சாய்ப்பின் இரண்டு பக்கக் கிடுகை என் புருஷன் கழற்றிவிட்டார். நெல் அவிக்கிற பீப்பா முற்றத்துக்குப் போனது. அதற்கு முன்னால், கல்யாணத்தன்று நான் குசினிப் பக்கம் போகவில்லை என்று சொல்வது சரியல்ல, போகப் பார்த்தேன். சம்பந்தி குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, மாப்பிள்ளையின் தாய் என்ற மரியாதை ஒன்றையும் பார்க்காமல், கையில் அகப்பையோடு குறுக்கே இருந்தா.

“அரியதரத்துக்குச் சீனி காணாது, மச்சாள்” என்று வெளியே நின்று சொன்னேன்.

“சீனி விக்கிற விலைக்கு இவ்வளவுதான் இனிக்கும். போய்க் காத்துப்படுற இடமாப் பாத்து இரு.”

போய் இருந்தேன்.